ஹரிக்கேனா, ஸ்பிட்ஃபயரா? வேலூர் ஏரித் தரைக்கு ஏற்ற பெரிய மாடல் எது

ரேடியோவில் ஓட்டும் மாடல் விமானங்களில், நுரைப் பலகையில் ஒரு பயிற்சி விமானம், அடுத்து பால்சா என்ற லேசான மரத்தில் ஒன்று, அப்புறம் வால்சக்கரம் வைத்த ஒன்று என்று ஏறி வருகிறவர்களுக்கு, இரண்டாம் உலகப் போர்க்காலச் சண்டை விமானம் ஒன்றைப் பெரிதாகக் கட்டிப் பறக்கவிடும் ஆசை ஒரு கட்டத்தில் வந்தே தீரும். எது பெரிது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய மாடல்களுக்கென்றே இயங்கும் இன்டர்நேஷனல் மினியேச்சர் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன், ஒற்றை அடுக்கு இறக்கை என்றால் 80 அங்குலம் முதல் ‘ஜெயன்ட் ஸ்கேல்’ என்கிறது. ஐந்தில் ஒரு பங்கு அளவில் கட்டினால் அந்தக் காலத்துச் சண்டை விமானங்களில் பெரும்பாலானவை இந்த எல்லையைத் தாண்டிவிடும்.

எதைக் கட்டலாம் என்று கேட்பவர்கள் வழக்கமாக அழகிலிருந்து தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கினால் பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயரில்தான் போய் நிற்பீர்கள். அதன் இறக்கையைக் கீழிருந்து பார்த்தவர்கள் வேறு எதையும் பார்க்க மாட்டார்கள். நான் சொல்வது வேறு: முதலில் எங்கே இறக்கப் போகிறீர்கள் என்று பாருங்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இன்று மூன்று மாவட்டமாகிவிட்ட பழைய வடாற்காட்டின் இந்தப் பகுதியில், நம்மைப் போன்றவர்களுக்குத் தார் போட்ட ஓடுபாதை கிடைப்பது அபூர்வம். கிடைப்பது ஏரித் தரை.

வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பிவிட்டால் மாசி, பங்குனி வரை அந்த இடமும் இல்லை. தண்ணீர் வற்றியதும் களிமண் இறுகும். தூரத்திலிருந்து சிமென்ட் தரை மாதிரித்தான் இருக்கும். நடந்து பார்த்தால்தான் மாட்டுக் குளம்பு பதிந்து காய்ந்த குழிகள், விரல் நுழையும் வெடிப்புகள், சீமைக் கருவேல முள் எல்லாம் தெரியும். ‘தண்ணீர் இல்லாத ஆறு’ என்று நம் ஊரைக் கேலி செய்வார்களே, அந்தப் பாலாற்று மணல் இதற்கு உதவாது. சக்கரம் புதைந்து விமானம் மூக்குக் குத்திவிடும். ஆக, இருப்பதில் நல்லது ஏரித் தரையும், அதில் முள்ளை வாரி, குழியை நிரப்பி, நாமே சமன் செய்துகொள்ளும் ஒரு நீளப் பட்டையும்தான். அதற்கும் ஊராட்சித் தலைவரை ஒரு தடவை பார்த்துப் பேசிவிட வேண்டும்.

இந்தத் தரையில் பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள வால்சக்கர விமானம் இறங்க வேண்டும். அதனால் அழகுக்கு முன்னால் பார்க்க வேண்டியது கால்களை: எவ்வளவு அகலமாக நிற்கிறது, எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் மடங்குகிறது.

நான்கு விமானங்கள்

ஸ்பிட்ஃபயரின் இரண்டு முன்சக்கரங்களுக்கும் இடையே நிஜ விமானத்திலேயே 1.74 மீட்டர்தான். கால்கள் உடம்பை ஒட்டி முளைத்து வெளிப்பக்கமாக மடங்குவதால் வந்த குறுகல் அது. ஐந்தில் ஒரு பங்கில் இது 35 செ.மீ. ஆகிறது. இறக்கையோ நுனிக்கு நுனி 2.25 மீட்டர். ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் இறக்கை நுனி தரையைத் தொடும், விமானம் அந்தப் பக்கம் திரும்பும், கால் பிய்த்துக்கொண்டு வரும். புல் தரை உள்ள ஊரில் இது சமாளிக்கக்கூடியது. இங்கே ஒவ்வொரு இறக்கத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

கட்டும்போதும் அது எளிதான விமானமில்லை. நீள்வட்ட இறக்கை என்பதால், இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டுகளான ரிப்புகளில் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. நிஜ விமானத்தில் இறக்கையின் அடியிலிருந்து நுனிவரை சுமார் இரண்டரை டிகிரி முறுக்கு வைத்திருந்தார்கள், நுனி முதலில் தூக்குவிசையை இழந்துவிடக் கூடாது என்பதற்காக. மாடலில் அந்த முறுக்கைச் சரியாகக் கொண்டுவராதவன் மெதுவாக இறங்க முயலும்போது ஒரு பக்கம் சாய்ந்து விழுவான். இத்தனைக்குப் பிறகும் ஸ்பிட்ஃபயர்தான் வேண்டும் என்பவர்களை நான் தடுக்கப் போவதில்லை. இரண்டாவது பெரிய விமானமாகக் கட்டட்டும்.

இன்னொரு பிரிட்டிஷ் விமானமான ஹரிக்கேனுக்கு வருவோம். ஸ்பிட்ஃபயருக்குச் சில மாதங்கள் முன்னால், 1935 நவம்பரில் பறந்தது. அப்போதே சற்றுப் பழைய முறையில் கட்டப்பட்ட விமானம். உலோகக் குழாய்ச் சட்டம், அதன்மேல் மரச் சட்டங்கள், அதற்கும் மேல் துணி. போர் விமான வரலாற்றில் இது பின்தங்கிய கட்டுமானமாகச் சொல்லப்படும். மாடல் கட்டுகிறவனுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. பின் உடம்பு முழுக்க ஃபார்மரும் (குறுக்குச் சட்டம்) ஸ்ட்ரிங்கரும் (நீளவாட்டுக் குச்சி) துணியுமாக நிஜம் எப்படியோ அப்படியே கட்டிக்கொண்டு போகலாம். ஸ்ட்ரிங்கர் வரிகள் துணிக்கு மேல் புடைத்துத் தெரிவதுதான் அதன் அழகே. இறக்கையின் நடுப்பகுதி ஒரே அகலம், வெளிப்பகுதிகள் நேர்கோட்டில் குறுகுபவை. இரண்டு வார்ப்புருத் தகடுகளுக்கு நடுவில் பால்சாத் துண்டுகளை அடுக்கி இழைத்தால் வெளி இறக்கை ரிப்புகள் வரிசையாகக் கிடைத்துவிடும். வெளி இறக்கைகளைக் கழற்றும் மூட்டையும் நிஜத்தில் இருந்த இடத்திலேயே வைக்கலாம்.

அதன் கால்கள் உள்பக்கமாக மடங்குகின்றன. ஐந்தில் ஒரு பங்கில் சக்கர இடைவெளி ஸ்பிட்ஃபயரைவிடப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் அதிகம். நம் தரையில் அந்தப் பத்து சென்டிமீட்டர் பெரிய விஷயம். உடம்போடு சேரும் இடத்தில் இறக்கையின் தடிமன், அகலத்தில் ஏறக்குறைய 19 சதவீதம். அதனால் வேகம் குறையும்போதும் எச்சரிக்கை கொடுத்துத்தான் தூக்குவிசையை விடும். வேகம்தான் குறைவு. நிஜத்திலும் குறைவுதான்.

அமெரிக்காவின் மஸ்டாங்கை எடுத்தால் கால் அகலத்தில் அதற்கு முழு மதிப்பெண். நிஜத்தில் 3.6 மீட்டர், மாடலில் 72 செ.மீ. குழியில் இறங்கினாலும் கவிழாது. ஆனால் இறக்கைப் பரப்பு இந்த நான்கில் இதற்குத்தான் குறைவு, இறக்கையும் ஹரிக்கேனுடையதைவிட மெல்லியது. எடை கொஞ்சம் ஏறினாலும் வேகமாக இறங்கியே ஆக வேண்டும். உலோக உடம்பு என்பதால் கண்ணாடி நார், பிசின், தகடுகள் சேரும் கோடுகள், ஆயிரக்கணக்கில் ரிவெட் என்று மேல்பூச்சு வேலை கட்டுமானத்தைவிட அதிக நாள் இழுக்கும். அப்புறம், உலகம் முழுக்க எந்த மைதானத்துக்குப் போனாலும் அங்கே ஏற்கெனவே ஒரு மஸ்டாங் நிற்கும். இது என் சொந்த எரிச்சல், நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இன்னொரு அமெரிக்க விமானமான தண்டர்போல்ட் எனக்கு உண்மையிலேயே சபலம் தருவது. குண்டு உடம்பு, ஐந்தில் ஒரு பங்கில் 2.48 மீட்டர் இறக்கை, 1.1 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு. கால்கள் அகலமோ அகலம். முகம் வட்டமாகத் திறந்திருப்பதால் பெட்ரோல் எஞ்சினுக்குக் காற்று தாராளம். நம் ஊர் வெயிலில் இதற்கு என்ன மதிப்பு என்று எஞ்சின் சூடேறி நடுவானில் நின்றுபோனவர்களைக் கேட்டால் தெரியும். அமெரிக்காவின் நிக் ஜிரோலி வரைந்த பெரிய விமான வரைபடங்களில் இதுவும் உண்டு, உலகெங்கும் கட்டிப் பறக்கவிட்டது. குறை எடையில் இருக்கிறது: ஹரிக்கேனைவிட இரண்டு மூன்று கிலோ கூடும், எஞ்சினும் அதற்கேற்ப. கால்கள் உயரமானவை. நிஜ விமானத்தில் அவ்வளவு நீளக் காலை இறக்கைக்குள் அடக்க, மடங்கும்போது ஒன்பது அங்குலம் சுருங்கும்படி செய்தார்கள். மாடலிலும் அந்த உயரம் நெம்புகோல் மாதிரி வேலை செய்து குழியில் இடித்ததும் காலின் அடித்தளத்தைப் பெயர்க்கும்.

சென்னை மாகாணத்தோடு உறவுள்ள விமானம் வேண்டும் என்று ஒருவர் நினைத்தால், அதற்கும் இந்தப் பட்டியலில் வழி இருக்கிறது. போருக்காக இங்கிருந்து திரட்டிக் கொடுத்த பணத்தின் நினைவாக, பிரிட்டிஷ் விமானப் படையின் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களுக்கு ‘மெட்ராஸ் பிரசிடென்ஸி’ என்ற பெயர் சேர்ந்தது. 234 பறந்தது ஸ்பிட்ஃபயரில். 79 ஹரிக்கேனில் பறந்து, 1942-இல் இந்தியாவுக்கே வந்து, பின்னால் தண்டர்போல்ட்டுக்கு மாறியது. இந்திய விமானப் படை என்று பார்த்தாலும் ஹரிக்கேனுக்குத்தான் கனம்: 1944-இல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் 1-ஆம் ஸ்குவாட்ரன் பறந்தது ஹரிக்கேனில். டெல்லி பாலத்தில் உள்ள விமானப் படை அருங்காட்சியகத்தில் ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர், டெம்பஸ்ட் மூன்றும் நிற்கின்றன. வரைபடத்தில் புரியாததைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ராணிப்பேட்டையில் என் நண்பர் ஒருவர், எஞ்சின் வேலையில் கைதேர்ந்தவர், இதையெல்லாம் கேட்டுவிட்டு, “சரிப்பா, ஆனா ஹரிக்கேனைப் பார்த்து எவன் வாயைப் பொளப்பான்?” என்றார். நியாயமான கேள்விதான். முதல் முறை யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே விமானம் முழுசாக வந்து பறக்கும். எனக்கு அது போதும்.

ஐந்தில் ஒன்றா, நான்கில் ஒன்றா

ஹரிக்கேனின் நிஜ இறக்கை 40 அடி. ஐந்தில் ஒன்று 8 அடி, நான்கில் ஒன்று 10 அடி. இரண்டடிதானே என்று தோன்றும். பரப்பு ஒன்றரை மடங்காகிறது, எடை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஐந்தில் ஒன்றை 12 கிலோவில் முடித்தால், அதே முறையில் கட்டிய நான்கில் ஒன்று 23 கிலோவைத் தாண்டும். இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, பொழுதுபோக்குக்காகக் கண்பார்வைக்குள் பறக்கவிடும் மாடலுக்கு உச்ச எடை 25 கிலோ, எரிபொருளும் சேர்த்து. அந்த வகைக்குள் இருந்தால் வகைச் சான்றிதழ் வேண்டியதில்லை. 23 கிலோவில் தொடங்கும் திட்டம், பெயின்ட்டும் மூக்கில் வைக்கும் ஈயமும் சேர்ந்து எங்கே முடியும் என்று நினைத்துப் பாருங்கள்.

கூடவே, ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் ஏரி எந்த நிறத்தில் இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். பச்சைப் பகுதியில் 400 அடி வரை போகலாம். இயங்கும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வளையத்தில் 200 அடிதான் பச்சை. நமக்கு மேற்கே அப்துல்லாபுரம் விமான தளம், கிழக்கே அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி. இரண்டாம் உலகப் போரில் போட்ட விமான தளம் இருந்த இடம் அது, இன்று கண்காணிப்பு விமானங்களின் தளம். அந்தப் பக்கம் எவ்வளவு நல்ல ஏரி இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

எடுத்துப் போவதும் ஒரு கணக்கு. ஐந்தில் ஒன்றின் வெளி இறக்கைகளைக் கழற்றிவிட்டால் பின்சீட்டை மடக்கிய காருக்குள் போய்விடும். நான்கில் ஒன்றுக்கு டாடா ஏஸ் பிடிக்க வேண்டும், வீட்டில் மாடிப்படி திரும்புமிடத்தையும் அளந்துகொள்ள வேண்டும்.

வாங்குவதா, கட்டுவதா

மூன்று வழிகள் உண்டு. வெளிநாட்டில் முழுதாகக் கட்டி மேலுறை ஒட்டி வரும் ஏ.ஆர்.எஃப், மரத்துண்டுகள் வெட்டிப் பெட்டியில் வரும் கிட், வரைபடம் மட்டும் வாங்கி மற்றதை நாமே செய்வது.

ஏ.ஆர்.எஃப் பெட்டி ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம். விமானச் சரக்குக் கட்டணம் எடைக்குப் பதில் பெட்டி அடைக்கும் இடத்துக்குப் போடப்படும். அதற்கு மேல் சுங்கம். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு ட்ரோன்களை முழுதாகவோ பிரித்த நிலையிலோ இறக்குமதி செய்வதைத் தடை செய்தது, உதிரி பாகங்களைத் தடுக்கவில்லை. மோட்டாரும் ரேடியோவும் இல்லாத மர விமானம் ட்ரோன் ஆகாது என்று சுங்க மேசையில் நின்று விளக்கும் பொறுமை உங்களிடம் இருந்தால் முயன்று பாருங்கள். என்னிடம் இல்லை. தவிர, அங்கே ஒட்டிய பிளாஸ்டிக் மேலுறை நம் கோடையில் தளர்ந்து சுருங்கிவிடும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் ஒரு மணி நேரம் வைத்தால் போதும்.

கிட் நல்ல வழி. பணமும் சரக்குக் கட்டணமும் ஒத்துவந்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

எனக்கு வரைபடம்தான் சரிப்படுகிறது. காரணம் சிக்கனம் மட்டுமில்லை. இந்த ஊரில் அதற்கு வேண்டிய கைகள் எல்லாம் இருக்கின்றன. கல்லூரி புராஜெக்ட்களுக்காக லேசர் வெட்டும் கடைகள் வந்துவிட்டன. வரைபடத்தை கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தால் ப்ளை ஃபார்மர்களை ஒரே மாலையில் வெட்டித் தருவார்கள். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் லேத் பட்டறைகளுக்குக் குறைவே இல்லை. எஞ்சின் தாங்கும் உருளைகள், இறக்கைக் குழாயின் உறை, வால்சக்கர அச்சு எல்லாம் அங்கே முடியும். விமானி இருக்கைக்கும் தலைச்சாய்வுக்கும் தோல் வேண்டுமென்றால் ஆம்பூர், வாணியம்பாடியில் செருப்புத் தோல் வெட்டின மிச்சத் துண்டே இரண்டு விமானத்துக்கு வரும்.

பால்சாவை மட்டும் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும், பெரும்பாலும் சென்னை அல்லது பெங்களூரு கடைகளிலிருந்து. தபாலில் வாங்கினால் எடை பார்த்து எடுக்க முடியாது, கனமான பலகைகள் கலந்து வரும். நேரில் போய் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, கனமானதை ஸ்பாருக்கும் (இறக்கையை நீளவாக்கில் தாங்கும் கட்டை) லேசானதை வாலுக்கும் ஒதுக்குங்கள். இந்த வகை விமானங்களுக்கு மூக்கு குட்டை. வாலில் ஏறுகிற ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் வைத்துச் சமன் செய்ய வேண்டிவரும். மரத்தோடு மரம் ஒட்ட ஃபெவிகால், எஞ்சின் பலகைக்கும் கால் தாங்கும் பலகைக்கும் அரால்டைட்.

பின் உடம்புக்கு பாலியஸ்டர் லைனிங் துணி. இஸ்திரிப் பெட்டியைக் காட்டினால் முரசுத் தோல் போல இறுகிக்கொள்ளும். மேலே தண்ணீரில் கரையும் வார்னிஷ் இரண்டு பூச்சு. வெயிலுக்கு அது பிளாஸ்டிக் மேலுறையைவிடத் தாங்கும், துணி நெசவும் தெரியும். ஹரிக்கேனுக்கு அதுதான் வேண்டும்.

எஞ்சின்

குளோ எஞ்சினை இந்த அளவுக்கு யோசிக்கவே வேண்டாம். அதன் எரிபொருள் மெத்தனால். தமிழ்நாட்டில் அதை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் கேட்பார்கள், ஏன் என்று சொல்லத் தேவையில்லை. மிஞ்சுவது பெட்ரோலும் பேட்டரியும்.

பேட்டரி சத்தமில்லாதது, சுத்தமானது, முகப்புக்குள் சிலிண்டர் முட்டாது. 12 செல் லித்தியம் பாலிமர் இரண்டு கிலோவுக்கு மேல் வரும், ஐந்தாறு நிமிடம் பறக்கும். இரண்டாம் முறை பறக்க இன்னொரு செட் வேண்டும் அல்லது ஏரிக்கரையில் ஜெனரேட்டர் வேண்டும். நாற்பது டிகிரியில் அந்த பேட்டரிகள் ஊதிப்போகும் வேகத்தைப் பார்த்தவர்கள் பணத்தை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

12 கிலோ ஹரிக்கேனுக்கு 55 முதல் 62 சி.சி. பெட்ரோல் எஞ்சின் போதும். டி.எல்.இ. 55, ஜெனோவா ஜி62 போன்றவை இந்த வகைக்குப் பழகியவை. ஜெனோவா கனமானது, குட்டை மூக்குக்கு அந்தக் கனமே உதவி. எந்த பங்க்கிலும் பெட்ரோல் கிடைக்கும், 2டி ஆயிலும் கிடைக்கும். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் கலந்திருப்பதால் பறந்து முடித்ததும் டாங்கைக் காலி செய்து, கார்புரேட்டர் வறளும்வரை எஞ்சினை ஓட்டி நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சவ்வு விறைத்து, அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாமல் கழுத்தறுக்கும். முகப்புக்குள் நுழையும் காற்று சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்விப்பு விளிம்புகளுக்கு நடுவே போகும்படி தகடு வைத்து, நுழையும் வழியைவிட வெளியேறும் வழியைப் பெரிதாக விடுங்கள். ஹரிக்கேனின் வயிற்றில் தொங்கும் ரேடியேட்டர் பெட்டியை அந்த வெளிவழிக்குப் பயன்படுத்தலாம், வெளியே ஒரு ஓட்டையும் தெரியாது.

வெயில் எஞ்சினை மட்டும் பாதிப்பதில்லை. வேலூர் கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. 40 டிகிரி மதியத்தில் நம் காற்றின் அடர்த்தி, கணக்குப் புத்தகத்தில் உள்ள கடல்மட்டக் காற்றைவிடப் பத்து சதவீதம் குறைவு. இறங்கும் வேகம் அதற்கேற்பக் கூடும், ஓட்டமும் நீளும். 12 கிலோ ஹரிக்கேன் ஃபிளாப் (இறங்கும்போது கீழே மடியும் இறக்கைப் பின்விளிம்பு) இல்லாமல் 50 கி.மீ. வேகத்தை ஒட்டித் தூக்குவிசையை இழக்கும் என்று கணக்கு வருகிறது. 65-இல் இறக்கிக்கொண்டு வரலாம். ஃபிளாப் வைத்தால் இன்னும் நிதானம். காலை ஆறரைக்குள் போய் எட்டரைக்குள் முடிப்பது எல்லோருக்கும் நல்லது.

ரேடியோவைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ், ரிசீவருக்கு இரண்டு தனித்தனி பேட்டரி, வாலிலும் இறக்கையிலும் உள்ள அசையும் பலகைகளைத் திருப்ப 20 கிலோ-செ.மீ. முறுக்குவிசைக்குக் குறையாத சர்வோ மோட்டார்கள், சிக்னல் போனால் எஞ்சின் நிற்கும்படி ஃபெயில்சேஃப்.

79-ஆம் ஸ்குவாட்ரன் வண்ணத்தில் அடிக்க நினைத்தால், தென்கிழக்காசியக் களத்தில் ஜப்பானியச் சின்னத்தோடு குழம்பக் கூடாது என்று வட்டத்தின் நடுவிலிருந்த சிவப்பை எடுத்துவிட்டு நீலம் மட்டும் வைத்திருந்தார்கள். மேலே பச்சையும் மண்ணிறமும். அழகுதான், ஆனால் மலைப் பின்னணியில் விமானம் கண்ணிலிருந்து மறையும். கீழ்ப்பக்கத்தை வெளிர் நிறமாக வைத்தால்தான் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியும்.

பணத்தைச் செலவழிக்கும் வரிசையில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். முதலில் மடங்கும் கால்கள். ரோபார்ட் கம்பெனி கால் மாதிரி இந்த எடைக்கென்றே செய்த ஜோடியை வாங்குங்கள், ஸ்பிரிங் வைத்த காலோடு. விலை எஞ்சினோடு போட்டி போடும், இருந்தாலும் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். அடுத்தது எஞ்சின். மரம் அதற்கப்புறம். ஹரிக்கேனின் கால் உள்ளே மடங்கும்போது சற்றுப் பின்னாலும் போகும், அதனால் அதைத் தாங்கும் பலகையைச் சாய்வாக வைக்க வேண்டும். வரைபடத்தில் போட்டிருக்கும் சாய்வு வேறு கம்பெனி காலுக்குச் சொன்னதாக இருக்கலாம். கால் கைக்கு வந்ததும் சக்கரத்தை மாட்டி, நடு இறக்கையின் இரண்டு ரிப்புகளை அட்டையில் வெட்டி நிறுத்தி, மடக்கி விரித்து, சக்கரம் முன் ஸ்பாருக்கும் பின் ஸ்பாருக்கும் நடுவில் இடிக்காமல் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு லேசர் கடைக்குப் போங்கள்.